அட்டையில் மூன்று வெப்பநிலைகள்: எதை நம்புவது?

கேள்வி: பனிக்கால மலை நடைப்பயணத்துக்காக வாத்துத் தூவி நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் வாங்க விரும்புகிறேன். இரவில் மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் வரை குளிர் இறங்கலாம். அட்டையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று வெப்பநிலைகள் உள்ளன. எதைக் கணக்கில் கொள்வது? 800 ஃபில் பவர் இருந்தால் போதுமா?

பதில்: கம்ஃபர்ட், அதாவது குளிராமல் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள், உங்கள் தேவைக்கு அது மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரமுறையான ஐஎஸ்ஓ 23537-இன்படி, லிமிட் என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு படுக்கும் ஓர் ஆண் குளிரைச் சமாளிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பதோ உயிர் தப்புவதற்கான அளவுதான். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்பது எனக்கு உடன்பாடானதல்ல.

ஃபில் பவர் என்பது ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதைக் காட்டும் எண்ணே தவிர, பையின் மொத்தச் சூட்டைக் காட்டுவதல்ல. 800 ஃபில் பவர் தூவியைக் குறைவாக அடைத்த பையைவிட, 650 தூவியைத் தாராளமாக நிரப்பிய பை கூடுதல் கதகதப்பைத் தரலாம். ஆகவே தூவியின் எடையையும் கேட்டுப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கும் பட்டையும், ஜிப்பின் உட்புறம் நெடுக ஓடும் தூவிக் குழாயும் இல்லையென்றால், புரளும்போதெல்லாம் சூடான காற்று வெளியேறிவிடும்.

உடலுக்கு அடியில் நசுங்கிய தூவி குளிரைத் தடுக்காது என்பதால், ஆர் மதிப்பு (வெப்பம் கடந்து போவதைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) 4க்குக் குறையாத, பைக்கு அடியில் போடும் விரிப்பும் அவசியம். நனைந்த தூவி உப்பாது. நீர்புகா உறையில் வைத்தே சுமந்து செல்லுங்கள்.