முதல் போன் யாருக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஊருக்குள் வெறுப்பு நுழைவது, பிள்ளைகள் அதில் சிக்கிக்கொள்வது, கலவரம் வராமல் பார்த்துக்கொள்வது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

என் அக்கா மகனுக்கு 19 வயது, கோவையில் படிக்கிறான். ஒரு வருஷமாக எந்நேரமும் செல்போனில் ஏதோ வீடியோ பார்க்கிறான். இன்னொரு மதத்துக்காரர்களைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. சின்ன வயதிலிருந்து கூட விளையாடிய பையனுடைய அக்கா கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. போலீசில் சொல்லலாமா என்கிறாள் அக்கா. நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அத்தான். – வாசகி, கூடலூர்

எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. அவன் எந்தப் பக்கத்துப் பையனாக இருந்தாலும் என் பதில் இதுதான். அத்தானிடம் சொல்லுங்கள், கை ஓங்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை இழுக்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதே "உன் வீட்டுக்காரர்களுக்கு உன்னைப் புரியாது, நாங்கள்தான் உன் ஆட்கள்" என்பதுதான். வீட்டில் அடி விழுந்தால் அவர்கள் சொன்னது சரிதான் என்று பையன் முடிவு செய்துவிடுவான்.

ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் தாங்களாகவே போய்ச் சேர்ந்தவர்களை நேரில் சந்தித்து, ஏன் சேர்ந்தீர்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தினர் கேட்டிருக்கிறார்கள். 2017இல் வந்த அறிக்கையில், தங்களைக் கடைசியாகத் தள்ளிவிட்ட சம்பவம் என்று 71 சதவீதம் பேர் சொன்னது அரசாங்கத்தின் செயலை. சொந்தக்காரரைக் கொன்றது, நண்பனைப் பிடித்துக்கொண்டு போனது, இப்படி. 2023இல் 8 நாடுகளில் மறுபடி கேட்டபோது, தாங்களாகச் சேர்ந்தவர்களில் நாலில் ஒருவர் வேலை கிடைக்காததைத்தான் முதல் காரணமாகச் சொன்னார். மதத்தைச் சொன்னவர்கள் 17 சதவீதம். அந்த ஊர் நிலைமை வேறு, நம் ஊர் நிலைமை வேறு, தெரியும். ஆனால் கொள்கை வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே ஒரு காயமோ அவமானமோ மனசுக்குள் இருந்திருக்கிறது என்பது எங்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். அது என்ன என்று பாருங்கள். ஹாஸ்டலில் யாராவது கேவலமாகப் பேசினார்களா, மலையிலிருந்து வந்தவன் என்று ஒதுக்கினார்களா, அரியர் விழுந்து வீட்டில் சொல்லாமல் இருக்கிறானா, இல்லை போலீஸ் எங்காவது நிறுத்திவைத்து அவமானப்படுத்தியதா?

வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவன் நூறு வீடியோ பார்த்திருக்கிறான், நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை, தோற்றுவிடுவீர்கள். அவன் மதிக்கிற ஒருவர், தாய்மாமனோ பழைய கிரிக்கெட் சீனியரோ யாரோ ஒருவர், வாரம் ஒரு தடவையாவது அவனோடு உட்கார வேண்டும், அதுவும் இதைப் பற்றிப் பேசுவதற்காக இல்லாமல். அப்புறம் அந்தக் கல்யாண வீட்டுக்கு நீங்கள் போய் வாருங்கள். கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை. போய் அந்தப் பையனை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

போலீஸ் விஷயம். பேச்சோடு இருக்கும்வரை வீட்டாரும் பெரியவர்களும்தான் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டு, எரிச்சலோடு, ஒதுங்கியே இருக்கிறான் என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள், அது மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண். ஆனால் ஆயுதம், தேதி, இடம், ஆள் என்று பேச்சு போனாலோ, எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ அன்றைக்கே 112. பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அவனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறீர்கள்.

தீவிரமான கருத்து வைத்திருப்பதே தப்பா? – கல்லூரி மாணவர், உதகை

இல்லை, தம்பி. தீண்டாமையை எதிர்த்தவர்களை ஒரு காலத்தில் தீவிரவாதி என்றுதான் பார்த்தார்கள். என் கருத்துக்காக அடுத்தவன் சாகலாம் என்று நினைக்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் தப்பு. கருத்தோடு இருப்பவனையும் கத்தியோடு இருப்பவனையும் ஒரே வண்டியில் ஏற்றினால், இறங்கும்போது இரண்டு பேர் கையிலும் கத்தி இருக்கும்.

வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் செய்தி வந்தால் உடனே அனுப்பி எச்சரிப்பதா, பேசாமல் இருப்பதா? – வாசகர், குன்னூர்

இரண்டும் இல்லை. விசாரிக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, கோவையில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் இறந்திருந்தார்கள். நான் அப்போது குன்னூரில் இருந்தேன். சாயங்காலம் பஸ் நின்றுவிட்டது, கடைகளின் ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். இருட்டும்போது ஒரு செய்தி வந்தது: மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆள் ஏறி மலைக்கு வருகிறார்கள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. கால் மணி நேரத்தில் எங்கள் தெரு முனையில் பத்து முப்பது இளைஞர்கள், கையில் விறகுக் கட்டை. எதிர்ச்சந்தில் இன்னொரு கூட்டம், அதே விறகுக் கட்டை.

எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் பணம் பார்த்துக்கொண்டிருந்தவர் நேராக வர்க்கி பேக்கரி பாய் வீட்டுக்குப் போனார். ரெண்டு பேரும் ஒரே வியாபாரிகள் சங்கத்தில் வருஷக்கணக்காக இருந்தவர்கள், சந்தாவுக்காகச் சண்டை போட்டவர்கள். சேர்ந்தே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பூட்டியிருந்ததைத் திறக்கச் சொல்லி, பர்லியாரில் பழக்கடை வைத்திருந்த ஒருவருக்குப் போன் போட்டார்கள். நான் பூத் வாசலில் நின்றேன். உள்ளே ரெண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. லாரி இப்போதுதான் கடையைத் தாண்டியது, நின்று டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள் என்றார் பழக்கடைக்காரர். காலையில் கேரட் மூட்டையோடு மண்டிக்குப் போன லாரி அது. பஸ் இல்லாததால் சுமைதூக்குகிறவர்கள் காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதில் ரெண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். கட்டையோடு நின்ற ஒரு பையனின் அப்பா அதில் ஒருவர்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஒரு போன் நம்பர். அது கலவரத்துக்கு முன்னாலேயே அவர்களிடம் இருந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இதையே ஒரு வேலையாகச் செய்தார்கள். கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே சுவர் எழுப்பிய ஊர் அது. சுவரின் இரண்டு பக்கத்து ஊர்த் தொண்டர்களும் ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் உடனே கூப்பிட்டு என்ன என்று விசாரித்துத் தங்கள் பையன்களிடம் சொல்வார்கள். வதந்தி எவ்வளவு பழைய வியாதி என்பதற்கு நம் மலையே சாட்சி. சூனியம் வைத்தார்கள் என்ற பேச்சை நம்பி இங்குள்ள பழங்குடியினரான குறும்பர் குடும்பங்களைக் கொன்றது ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. அப்போது வாட்ஸ்அப் ஏது?

பிரச்சினை வந்தால் தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம் போடுகிறார்கள். இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்குகிறார்கள், டீ குடித்துக் கலைகிறோம். இதனால் பிரயோஜனம் உண்டா? – வாசகர், கோத்தகிரி

அன்றைய ராத்திரிக்குப் பிரயோஜனம் உண்டு, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடி விழுந்த பிறகு கூடுகிற கூட்டத்தில் முன்பின் பழகாதவர்கள்தான் எதிரெதிரே உட்காருகிறார்கள். மகாராஷ்டிராவில் பிவண்டி என்று விசைத்தறி ஊர். 1970இலும் 1984இலும் பெரிய கலவரம் கண்ட ஊர். 1988இல் அங்கே போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, கலவரம் இல்லாத நாளில் மொஹல்லா கமிட்டிகளை, அதாவது தெருவாரிக் குழுக்களை ஆரம்பித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் போலீஸ்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாக்கடை, தண்ணீர், வாடகைத் தகராறு என்று பேசினார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பக்கத்தில் மும்பை எரிந்து சுமார் 900 பேர் செத்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் கோழிக்கோடு இருக்கிறது, கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் போதும். அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வார்ஷ்ணி அந்த ஊரையும் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் இந்து, முஸ்லிம் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அலிகாரில் அடிக்கடி கலவரம், கோழிக்கோட்டில் இல்லை. வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு மதத்தாரும் சேர்ந்து நடத்துகிற அமைப்புகள் கோழிக்கோட்டில் நிறைய இருந்ததைத்தான் அவர் முக்கிய வித்தியாசமாகச் சொன்னார். தெருவில் பார்த்துச் சிரிப்பது சின்ன ஊருக்குப் போதும், ஊர் பெரிதாகும்போது சங்கம் வேண்டும் என்கிறார். வர்க்கிக் கடை பாயையும் கோயில் கணக்குப் பார்த்தவரையும் நினைத்தால் எனக்கு அது அப்படியே சரியாகப் படுகிறது. உங்கள் கோட்டாட்சியரிடம் ஒன்று கேளுங்கள்: ஒன்றும் நடக்காத மாதத்தில் ஒரு கூட்டம் போடுவாரா?

கொழுந்து எடுக்கிற பெண்கள் நாங்கள். எங்களால் இதில் என்ன ஆகும்? – மகளிர் குழு உறுப்பினர், பந்தலூர்

அம்மா, உங்களைப் போன்றவர்கள் ஆரம்பித்த கதை ஒன்று உண்டு. கென்யாவின் வடகிழக்கில் வஜிர் என்ற வறண்ட பகுதி. 1990களின் ஆரம்பத்தில் அங்கே சோமாலிக் குலங்களுக்குள் வெட்டுக்குத்து, துப்பாக்கி. சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண்ணிடம் இன்னொரு குலத்துப் பெண் பால் வாங்க முடியாத நிலை. ஒரு கல்யாண வீட்டில் பேச ஆரம்பித்த சில பெண்கள், முதலில் சந்தையைச் சரி செய்வோம் என்று இறங்கினார்கள். யார் வேண்டுமானாலும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம். தகராறு வந்தால் விசாரிக்க அவர்களே ஒரு குழு வைத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் தேகா இப்ராஹிம் அப்தி. சந்தை சரியான பிறகு குலப் பெரியவர்களிடம் போனார்கள். பெரிய குலங்கள் ஒன்றையொன்று நம்பாது, அதனால் சண்டையில் சேராத ஒரு சின்னக் குலத்துப் பெரியவரை முன்னால் நிறுத்திப் பேசவைத்தார்கள். 1993இல் உடன்படிக்கை ஆனது, 1995இல் அந்த ஏற்பாடு மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்தது. தேகாவுக்கு 2007இல் 'ரைட் லைவ்லிஹுட்' என்ற சர்வதேச விருது கிடைத்தது. 2011இல் அவர் காலமானார்.

எடை போடும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது யார் யாரிடம் பேசவில்லை என்பது கலெக்டருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். எந்த எஸ்டேட் லைன் வீட்டில் பையன் ராத்திரி வருவதில்லை என்பதும் தெரியும். அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

எங்கள் அப்பா அம்மா, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு "இவர்களை எப்படி நம்புவது" என்று அங்கிருக்கும் சொந்தக்காரர்களே முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகிறார்கள். என்ன சொல்வது? – வாசகர், கொலக்கம்பை

கிழக்கு இலங்கையில் முஸ்லிம்கள் வாழும் ஊரான காத்தான்குடியைப் பற்றிச் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் 21இல் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கும்பலின் தலைவன் அந்த ஊர்க்காரன். அவனைப் பற்றி முதலில் புகார் சொன்னதும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அவன் ஆட்கள் சூஃபி வழி முஸ்லிம்களைத் தாக்கினார்கள், அப்போதே அவன் தலைமறைவானான். அதிகாரிகளிடம் மனு கொடுத்தவர்கள் இருந்தார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கைகள் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் குண்டு வெடித்த அடுத்த மாதம் குருநாகல் பக்கம் எரிந்தது முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும். முதலில் எச்சரித்தவர்களின் வீட்டைக் கொளுத்தினால் அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் பெற்றோரும் மொத்தமாக "இவர்கள்" என்று எண்ணப்பட்டுத்தான் கப்பல் ஏறினார்கள் என்பதைச் சொந்தக்காரர்களிடம் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு குழு ஆரம்பிக்க ஆசை. எங்கே கூடுவது, யாரைக் கூப்பிடுவது? – வாசகர், தேவாலா

கோயில், பள்ளிவாசல், சர்ச், கட்சி ஆபீஸ் நாலும் வேண்டாம். பால்வாடியோ பள்ளிக்கூட வராந்தாவோ போதும், ஞாயிறு மத்தியானம். பெரியவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள், ஜீப் ஓட்டுகிற பையன்களும் வரட்டும், அவர்களுக்குத்தான் எல்லா ஊர்ச் செய்தியும் முதலில் தெரியும். ஆதிவாசி வீடுகளிலிருந்து ஆள் வராமல் கூட்டத்தை ஆரம்பிக்காதீர்கள்.

பட்டியல் புதிதாகப் போட வேண்டாம். ராத்திரி யானை இறங்கினால் உங்கள் பக்கத்தில் யார் யாருக்குப் போன் போடுகிறீர்கள்? மேல் லைன், கீழ் லைன், ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, பள்ளிவாசல் பக்கத்து வீடு. அந்த நம்பர்களில் யாருடைய ஜாதியும் மதமும் பார்த்துப் பதிந்துவைக்கவில்லையே. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். விட்டுப்போன வீடு எது என்று அவர்களே சொல்வார்கள்.