கண்ணுக்குக் கண் கேட்கலாமா?

கேள்வி: ஒரு பெண் மீது ஆசிட் வீசிய செய்தியைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "அவன் முகத்திலும் அதையே ஊற்ற வேண்டும்" என்றேன். "நீயெல்லாம் ஒரு டீச்சரா?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைத்தானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? அது நீதி என்றால், நான் கேட்பது மட்டும் எப்படிக் காட்டுமிராண்டித்தனம் ஆகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கோபத்தில் தப்பே இல்லை, சகோதரி. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிற தண்டனையை ஒரு நாட்டு நீதிமன்றம் நிஜமாகவே விதித்திருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

ஈரானைச் சேர்ந்தவர் ஆமினே பஹ்ராமி. திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதற்காக 2004-ல் ஒருவன் அவர் மீது ஆசிட் வீசினான். முகம் சிதைந்து, இரண்டு கண்களும் போயின. ஸ்பெயினுக்குப் போய் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை செய்துகொண்டும் பார்வை நிலைக்கவில்லை. நஷ்ட ஈட்டோடு விட்டுவிடாமல், அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் 'கிசாஸ்', அதாவது பதிலுக்குப் பதில் தண்டனை வேண்டும் என்றார். 2008-ல் நீதிமன்றம் சம்மதித்தது: அவன் கண்களில் ஆசிட் சொட்டு விடலாம்.

அப்புறம் கணக்கு ஆரம்பித்தது. பெண்ணுக்கு ஆணில் பாதி மதிப்பு என்பது அங்கே சட்டம். அதனால் அவருடைய இரண்டு கண்களுக்கு ஈடாக அவனுடைய ஒரு கண்தான் என்று பேச்சு வந்தது. மற்றொரு கண்ணும் வேண்டுமென்றால் அவரே பணம் கட்ட வேண்டுமாம்! சரிக்குச் சரி என்று கேட்டுப் போனவருக்கு விலைப்பட்டியலைக் காட்டினார்கள்.

ஈரானை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வகைச் சட்டத்துக்குப் பேர்போன பழைய பாபிலோன் ராஜா ஹம்முராபியின் கல்வெட்டு கிட்டத்தட்ட 3,750 வருஷப் பழசு. மேட்டுக்குடிக்காரன் தனக்குச் சமமானவனின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண் போகும். சாமானியனின் கண்ணைக் கெடுத்தாலோ ஒரு மினா (சுமார் அரைக் கிலோ) வெள்ளி கொடுத்தால் போதும். கட்டின வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் செத்தால், கொல்லப்படுவது கொத்தனார் அல்ல, கொத்தனாரின் மகன். அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்?

இப்போது உங்கள் மனுநீதிச் சோழனுக்கு வருகிறேன். பெரியபுராணத்தில் அந்தக் கதையை இன்னொரு தடவை படியுங்கள். மகன் மீது தேரை ஓட்டும்படி ராஜா முதலில் ஒரு மந்திரியிடம்தான் சொல்கிறார். அந்த மந்திரி அதைச் செய்ய மனம் வராமல் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் ராஜாவே தேரை ஓட்டுகிறார். நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்த மந்திரியை விட்டுவிடுகிறோம். நான் உங்களிடம் கேட்பதும் அவரைப் பற்றித்தான். அந்த ஆசிட்டை யார் ஊற்றுவது? தெஹ்ரானில் அதற்கு ஒரு மருத்துவமனை அறை, ஒரு டாக்டர், மயக்க மருந்து எல்லாம் தேவைப்பட்டன. நல்ல மனசுள்ள ஒருவரைச் சம்பளம் கொடுத்து அங்கே நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அந்த வேலைக்கு ஆசையாக ஒருவர் முன்வந்தால், அவரை நம்பி நாம் தெருவில் நடக்க முடியுமா?

இன்னொன்று. அந்த ராஜா தண்டித்தது தன் மகனை, அதாவது தன்னையே. அடுத்தவன் பிள்ளை என்றால் அந்தக் கதையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? நீங்களும் நானும் கேட்கிற தண்டனையில் நமக்கு எந்த இழப்பும் இல்லை.

2011 ஜூலை 31 அன்று, ஆமினே மீது ஆசிட் வீசியவன் அந்தத் தெஹ்ரான் மருத்துவமனையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தபோது, கடைசி நேரத்தில் ஆமினே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆசிட் வீசுகிறவனுக்கு இந்தத் தண்டனை உண்டு என்று நிரூபிக்க ஏழு வருஷம் போராடினேன், மன்னிப்பதும் என் உரிமைதான் என்பது அவர் சொன்னதன் சாரம். தெய்வப்பிறவி என்று அவரை நான் புகழப்போவதில்லை. மன்னிக்காமல் போயிருந்தாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. முடிவு அவர் கையில் இருந்தது. நம் ஊரில் பாதிக்கப்பட்ட பெண் பெரும்பாலும் ஒரு சாட்சி மட்டும்தான். வழக்கை அரசு நடத்துகிறது, அவர் வாய்தா வாய்தாவாக அலைகிறார்.

அதற்காக நம் சட்டம் வெறும் காகிதம் என்று சொல்ல மாட்டேன். 2013-ல் ஆசிட் வீச்சுக்குத் தனிப் பிரிவு வந்தது. குறைந்தது 10 வருஷம் சிறை, அதிகபட்சம் ஆயுள். அபராதம் சிகிச்சைச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும், அது அந்தப் பெண்ணுக்கே போக வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 124-ஆவது பிரிவு. குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் அதே 2013-ல் சொன்னது. இந்தப் பணம் கைக்கு வருவதற்குள் எத்தனை தடவை மனு போட வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றித்தான் உங்கள் அண்ணனோடு சேர்ந்து நீங்கள் கோபப்பட வேண்டும்.

அதே உத்தரவில் கடைக்காரர்களுக்கும் விதி உண்டு. ஆசிட் வாங்க வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவே கூடாது. உங்கள் தெருக் கடையில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். அண்ணனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.