மூக்குதான் அந்தத் தலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

திமிங்கலங்கள் பற்றிய உங்கள் பதிவை வாசித்தேன். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய தலை? அதற்குள் இருக்கும் எண்ணெய் எதற்கு? நுரையீரல் பெரிதாக இருப்பதால்தான் நெடுநேரம் மூச்சடக்குகிறதா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வளர்ந்த ஆண் ஸ்பெர்ம் திமிங்கலம் சுமார் 16 மீட்டர் நீளம். அதில் மூன்றில் ஒரு பங்கு தலை. ஆனால் நாம் தலை என்று பார்ப்பதில் பெரும்பகுதி மூக்குதான். மூளை பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. அதுவும் சின்னதல்ல, ஏறத்தாழ 8 கிலோ. உலகிலேயே பெரிய மூளை.

இடது நாசி மூச்சு விட. அதனால்தான் அது ஊதும் நீராவி நேரே எழாமல் முன்னால், இடப்பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சும். வலது நாசி ஒலிக்கு. தலையின் முன்நுனியில் உதடு போல இரண்டு தடித்த மடிப்புகள் உண்டு. காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் முதலில் பின்பக்கம் ஓடுகிறது. எண்ணெய் நிறைந்த பையைக் கடந்து, மண்டையோட்டை ஒட்டிய காற்றுப்பையில் மோதித் திரும்பி, கீழே உள்ள கொழுப்புத் திசு வழியாகக் குவிந்து வெளியே பாய்கிறது. எந்த விலங்கும் இதைவிட உரக்க ஒலி எழுப்புவதில்லை. வெளிச்சமே எட்டாத ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கணவாய் மீனைத் தேட அதன் எதிரொலிதான் துணை.

அந்த எண்ணெய் ஆறினால் வெள்ளையாக உறையும். திமிங்கல வேட்டைக்காரர்கள் அதை விந்து என்று நினைத்துவிட்டார்கள், 'ஸ்பெர்ம்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஓர் உயிரின் குரலை எடுத்து மெழுகுவர்த்தி செய்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, மூச்சு. நுரையீரலை நம்பி அது இறங்குவதில்லை. ஆழத்தின் அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கி மடங்கிவிடும், விலா எலும்புகளும் அதற்கு வளைந்து கொடுக்கும். ஆக்சிஜன் இருப்பு ரத்தத்திலும் தசையிலும்தான். தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் அவ்வளவு அடர்த்தி, சதையே கறுத்துத் தெரியும். 1958இல் விஞ்ஞானி ஜான் கெண்ட்ரூ குழுவினர் உலகில் முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டது இந்தத் திமிங்கலத்தின் மயோகுளோபினில்தான். 1962இல் அவருக்கு நோபல் கிடைத்தது. நம் தசையிலும் மயோகுளோபின் உண்டு, அளவுதான் கொஞ்சம்.

முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு மேலே வரும். பத்து நிமிடம் போல ஊதி இழுத்து இருப்பை நிரப்பிக்கொள்ளும். அப்புறம் வாலைத் தூக்கி, மறுபடி செங்குத்தாக இறங்கிவிடும்.