வாசகர் கேள்வி பதில்: குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்

கேள்வி: மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போனோம். வியூ பாயிண்டும் சோளக்கதிர் கடைகளும்தான் இருக்கின்றன. ஸ்டேஷன் எங்கே? – ஆர்.கே., திண்டுக்கல்

பதில்: நூறு வருஷம் தாமதமாகப் போயிருக்கிறீர்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று மலைமேலேயே ஓடி மலைமேலேயே முடிந்த ரயில் அது. கண்ணன் தேவன் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் விளிம்புக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கி.மீ. கீழே, கொட்டக்குடிப் பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் 15 கி.மீ. தள்ளிப் போடிநாயக்கனூர். மூணாறு சமஸ்தானக் காலத்தில் திருவிதாங்கூரில் இருந்தாலும், அந்த ரயில் முகம் பார்த்தது தேனிச் சீமையைத்தான். கூலிக்கு ஆள் ஏறி வந்ததும் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான்.

கேள்வி: முதலில் ஓடியது மாடு இழுத்த மோனோரயில் என்கிறார்களே, நம்பலாமா? ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி சாயாதா? – பி.எஸ்., மதுரை

பதில்: நம்பலாம். 1902இல் போட்டது அதுதான். ஈவிங் முறை என்று பெயர். சாலையோரமாக ஒரே தண்டவாளம். வண்டிக்கு அடியில் இருபுறமும் விளிம்பு வைத்த சின்னச் சக்கரங்கள் அதன்மேல் உருளும். பக்கவாட்டில் நீட்டிய கையில் ஒரு பெரிய சக்கரம், அது சாலையிலேயே உருண்டு வண்டியைச் சாயவிடாமல் பிடிக்கும். பாரத்தில் 95 சதவீதம் அளவுக்குத் தண்டவாளம் தாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் பெரிய சக்கரத்துக்கு. அதனால் மாடுகளுக்கு இழுவை லேசு.

சிக்கலும் அந்தப் பெரிய சக்கரத்தில்தான். அது ஓடும் சாலை, தண்டவாளத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். மழையில் சாலை குழிந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும். மூணாறு மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 2 அடி (610 மி.மீ.) அகலக் குறும்பாதை போட்டு, இன்ஜின் வைத்து ஓட்டினார்கள்.

ஈவிங் வண்டியைக் கண்ணால் பார்க்க ஆசையா? டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பட்டியாலா மோனோரயில் நிற்கிறது. அது நீராவி இன்ஜின் வைத்தது, ஆனால் முறை இதேதான்.

கேள்வி: தேயிலை போடியில் ரயிலேறித் தூத்துக்குடி போனதாக ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா? – கே.வி., போடி

பதில்: உங்கள் ஊர்க்காரர் நீங்களே சந்தேகப்பட்டது நல்லது. குண்டளை ரயில் 1924இல் வெள்ளத்தோடு முடிந்துபோனது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை திறந்தது 1928இல். இரண்டும் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடியதில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் ரயில் பிடிக்க அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடை ரோடு, போக வேண்டும். வருஷத்தைப் பார்க்காமல் ஒருவர் எழுத, மற்றவர்கள் அப்படியே நகலெடுத்ததால் வந்த வினை.

கேள்வி: ஊட்டி ரயில்போல் பல்சக்கரம் உண்டா? – எம்.ஜே., கோவை

பதில்: தேவைப்படவில்லை. ஊட்டிப் பாதையில் கல்லாறு–குன்னூர் இடையே 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இங்கே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சாலையில் 32 கி.மீ., ஏற்றம் சில நூறு மீட்டர்தான். செங்குத்தான இறக்கம் முழுக்க ரோப்வேயின் தலையில்.

கேள்வி: வெள்ளத்தில் போனது சரி, ஏன் திரும்பப் போடவில்லை? – டி.ஏ., நாகர்கோவில்

பதில்: 1924 ஜூலை வெள்ளம் கொல்லம் ஆண்டு 1099இல் வந்தது. கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் பேச்சு. சரிந்த மண்ணும் மரங்களும் மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகளுக்கு இடையே அடைத்துக்கொண்டு தானாகவே ஓர் அணை உண்டானது. அது உடைந்தபோது கீழே இருந்த மூணாறோடு பாதையும் போனது. ஆற்றை ஒட்டியே போட்ட பாதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: தண்டவாளம் மட்டும் போனால் மாற்றிவிடலாம், அடியில் இருந்த மேடே அரித்துப் போனால் புதுப் பாதைதான் போட வேண்டும். பழைய ஆலுவா சாலையும் அதே வெள்ளத்தில் அழிந்தது. பிறகு நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்து, 1935இல் பெரியாற்றுப் பாலமும் திறந்தாயிற்று. லாரிக் காலம் பிறந்த பிறகு குறும்பாதையில் யார் பணம் போடுவார்கள்?

கேள்வி: பழைய பாதையைத் தேடிப் பார்க்க விரும்புகிறோம். எதை வைத்து அடையாளம் காண்பது? – நண்பர்கள் குழு, தேனி

பதில்: முதலில் மூணாறு ஊருக்குள்ளேயே தொடங்குங்கள். பழைய ஸ்டேஷன் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை மியூசியத்தில் இன்ஜின் சக்கரம் ஒன்று இருக்கிறது.

ஊரைத் தாண்டினால் தண்டவாளத்தைத் தேடாதீர்கள், சரிவைத் தேடுங்கள். 1:50,000 சர்வே வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு கிலோமீட்டருக்குள் தடம் இரண்டு கோடுகளுக்கு மேல் வெட்டினால் அது 25க்கு 1ஐவிடச் செங்குத்து; பெரும்பாலும் எஸ்டேட் ஜீப் பாதையாக இருக்கும். கொண்டை ஊசி வளைவு வந்தாலும் ரயில் இல்லை. ரயில் தடம் மலை மடிப்புக்குள் நுழைந்து, ஓடையைத் தாண்டி, அதே மட்டத்தில் வெளியே வரும். இரண்டரை, மூன்று மீட்டர் அகலத்தில் குறுகிய வெட்டு, ஓடையின் இரு கரையிலும் ஒரே உயரத்தில் எதிரெதிரே நிற்கும் கருங்கல் தூண், இரண்டு பக்கமும் சாலையே இல்லாத சின்னக் கல்பாலம்: இவை கிடைத்தால் சந்தோஷப்படலாம். கல்லுக்கு இடையே சுண்ணாம்புக் காரையா, சிமென்டா என்று சுரண்டாமல் கண்ணால் மட்டும் பாருங்கள்.

ஏமாற்றத்துக்கும் தயாராகப் போங்கள். பழைய தடத்தில் பெரும்பகுதி மேல்தான் இன்றைய டாப் ஸ்டேஷன் சாலை கிடக்கிறது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் கொஞ்சம் குண்டளை, மாட்டுப்பட்டி அணைத் தண்ணீருக்குள். சாலை ஏற்றத்தைக் குறைக்காமல் நேராகக் குறுக்கே ஏறும் இடங்களில் மட்டும், பக்கத்தில் சுற்றிப் போகும் துண்டு ஏதும் உண்டா என்று பாருங்கள். சுற்றிலும் இருப்பது தனியார் தேயிலைத் தோட்டம், ஆகவே எஸ்டேட் ஆபீசில் கேட்டுவிட்டு இறங்குங்கள். வட்டவடைப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மாட்டுப்பட்டி, குண்டளைச் சாலையில் யானை நிற்கும். ஜூன் முதல் அட்டைக்கடி, ஐப்பசியில் மூடுபனி. மார்கழி, தை சரியான மாதங்கள்.

கேள்வி: வேலிக்கு நட்டிருக்கும் தண்டவாளத் துண்டு குண்டளை ரயிலுடையதா? எடுத்து வரலாமா? – எஸ்., சென்னை

பதில்: எடுத்து வரக் கூடாது. அது வேறொருவர் சொத்து. குண்டளையுடையது என்றும் உடனே முடிவு கட்டாதீர்கள், டிராலி ஓட்ட இதே மாதிரி லேசான தண்டவாளம் பல இடங்களில் புழங்கியது. உயரம், அடிப்பாகத்தின் அகலம், பக்கவாட்டில் புடைப்பெழுத்து இருந்தால் அது, மூன்றையும் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து வாருங்கள். எழுத்தில் ஆலையின் பெயரும் வருஷமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் 1924க்குப் பிந்தைய வருஷம் தெரிந்தால் அந்தத் துண்டை மறந்துவிடலாம்.

கேள்வி: ரோப்வே வழியிலேயே டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கலாமா? – வி.எம்., பெரியகுளம்

பதில்: நடைபாதை உண்டு, நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊரும் உண்டு. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் 23 பேர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அங்கே புல் காய்ந்து கிடக்கும், தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது. புறப்படும் முன் தேனி வனத்துறை அலுவலகத்தில் அந்த மாதம் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால், வனத்துறை காட்டும் வழிகாட்டியோடு காலை ஏழு மணிக்குள் நடையைத் தொடங்கி, வெயில் சாய்வதற்குள் குரங்கணி சேருங்கள்.