26-ஆம் விதி ஆணை: தாத்தா குற்றவாளியா, பாதுகாப்புக் கைதியா?

தொண்டிக்கு அருகிலுள்ள கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு தாள்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, 1942 அக்டோபர் தேதியிட்ட ஆங்கில ஆணை. அதில் தாத்தாவின் பெயரும் ‘இந்தியப் பாதுகாப்பு விதிகள், 26(1)(பி)’ என்ற குறிப்பும் உள்ளன. மற்றொன்று ‘கூட்டு அபராதம்’ செலுத்தியதற்கான ரசீது. “தாத்தா ஒன்றரை வருடம் கழித்துத்தான் வீடு திரும்பினாராம். ஊரில் சிலர் இன்றும் எங்களைக் ‘களவுக் கேஸில் உள்ளே போனவர் வீடு’ என்கிறார்கள். அவருக்குத் தண்டனைத் தீர்ப்பு ஏதும் இருந்ததா? ஆவணங்களை எங்கே கேட்பது? பென்ஷன் கிடைக்குமா?” என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கையில் இருப்பது தீர்ப்பு அல்ல. 26(1)(பி) என்பது குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் ஒருவரைக் காவலில் வைக்க அரசு எடுத்துக்கொண்ட அதிகாரம். அப்படி வைக்கப்பட்டவரே பாதுகாப்புக் கைதி. நீங்கள் அனுப்பிய படத்தை உற்றுப் பாருங்கள். வாசகம் முழுவதும் தட்டச்சில் இருக்கிறது. பெயரும் ஊரும் மட்டும் மையினால் நிரப்பப்பட்டிருக்கின்றன. எவருக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே அடித்துவைத்த படிவம் அது. அவர் என்ன செய்தார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பொது அமைதிக்குக் கேடு செய்யாமல் அவரைத் தடுப்பது அவசியம் என்று அரசு ‘திருப்தி’ அடைந்திருப்பதாக மட்டுமே உள்ளது.

அந்தத் ‘திருப்தி’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 அன்று போர் மூண்டதும் அவசரச் சட்டமாக வந்து, அதே மாதத்தில் சட்டமான இந்தியப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான சந்தேகத்துக்கு உரியவரைக் காவலில் வைக்க விதி செய்யலாம் என்றே அனுமதித்திருந்தது. விதியை எழுதியவர்கள் நியாயமான சந்தேகம் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, அரசின் திருப்தியே போதும் என்று எழுதிக்கொண்டார்கள். 1943 ஏப்ரல் 22 அன்று, தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் இதே விதியில் காவலில் இருந்த கேசவ் தல்பாடே என்பவரின் வழக்கில், 26-ஆம் விதி சட்டம் தந்த அதிகாரத்தை மீறியது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் தாத்தா அப்போது சிறையில் இருந்திருப்பார். ஆறே நாளில், ஏப்ரல் 28 அன்று, அரசின் திருப்தியே போதும் என்றுதான் சட்டம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று கருதும்படி வைஸ்ராய் ஒரு அவசரச் சட்டம் பிறப்பித்தார். நீதிமன்றம் திறந்த கதவு அவர் வெளியே வருவதற்குள் சாத்தப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சட்டமன்றத்தில் இதைக் கேட்க ஆள் இல்லை. ராஜாஜி அமைச்சரவை 1939 அக்டோபரிலேயே பதவி விலகியிருந்தது. சென்னை மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய பிறகு, இலங்கைக்கு எதிரே இருக்கும் நம் கரை போர் முனையைப் போலவே பார்க்கப்பட்டது. ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை விடுவித்தார்கள். தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது. அதன் பின் இந்த வட்டாரத்தில் யார் மீதும் சந்தேகம் விழலாம் என்ற நிலை இருந்தது.

ரசீதும் உங்கள் தாத்தா குற்றம் செய்தார் என்பதற்குச் சான்று அல்ல. 1942-இல் வந்த கூட்டு அபராத அவசரச் சட்டத்தின்படி, ஒரு பகுதியில் கலவரம் நடந்தால், செய்தவர் யார் என்று நிறுவாமலே அங்கே குடியிருப்போர் மீது அபராதம் விதித்து, வீட்டுக்கு வீடு பங்கிட்டு வசூலிக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சரிபார்க்காமல் ஊராரிடம் வாதிட வேண்டாம். காவல் ஆணை தவிர அவர் மீது தனி வழக்கும் நடந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் அந்த வழக்கின் தாளில் இதே பாதுகாப்பு விதிகளின் 35, 38 போன்ற எண்களோ, தனி நீதிமன்றங்களை அமைத்த 1942-ஆம் ஆண்டின் 2-ஆம் அவசரச் சட்டமோ குறிப்பிடப்பட்டிருக்கும். 129-ஆம் விதி என்றிருந்தால் அது போலீசார் சந்தேகத்தின் பேரில் பிடித்தது. அதன்படி அதிகபட்சம் இரண்டு மாதமே காவலில் வைக்க முடியும்.

இனி, தேட வேண்டிய இடம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் மதுரையில் இருந்தது; 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆகையால் இராமநாதபுரத்தில் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். காவல் ஆணை மாகாண அரசின் பெயரில் இருப்பதால், முதலில் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுத் துறைக் கோப்புகளைக் கேளுங்கள். எந்தச் சிறை என்பது அப்பத்தாவுக்கு நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘அலிப்புரம்’ என்று சொன்னால் அது பெல்லாரி. 1953-இல் பெல்லாரி மைசூருடன் சேர்ந்துவிட்டதால் கர்நாடகச் சிறைத் துறைக்கும் எழுத வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 20 ஆண்டுகளுக்கு முந்தைய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா என்ற 8(3) பிரிவை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘தாத்தா பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காவல் ஆணை, விடுதலை ஆணை ஆகியவற்றோடு, 1944-ஆம் ஆண்டின் 3-ஆம் அவசரச் சட்டப்படி அவருக்குத் தரப்பட்ட ‘காவல் காரணங்கள்’ என்ற தாளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 1944 ஜனவரியில் வந்த அந்தச் சட்டம், பழைய ஆணையின் கீழ் இருந்தவர்களுக்கும் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஒன்றரை வருடக் கணக்கு சரியென்றால் உங்கள் தாத்தாவும் அதில் அடங்குவார். களவா, காங்கிரஸா என்ற ஊர்ப் பேச்சுக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லும்.

மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் பேரன் பேத்திகளுக்குக் கிடைக்காது. அப்பத்தா உயிரோடு இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மனைவி என்ற முறையில் அவருக்கு உரிமை உண்டா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்குச் சிறைச் சான்று கேட்பார்கள். மூலத் தாளை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். உப்புக் காற்று படாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.