உறக்கமா, ஒடுக்கமா?

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். குளிர்நாட்டு விலங்குகளின் 'குளிர்கால உறக்கம்' பற்றிச் சொல்லும்போது, கரடி அந்த மாதங்களில்தான் குகைக்குள் குட்டி ஈனும் என்றேன். "தூங்கிக்கொண்டே எப்படி மிஸ் பால் கொடுக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்கம் சொல்லிவிட்டேன், ஆனால் சொல்லே பிழையோ என்ற ஐயம் எனக்குள் தங்கிவிட்டது. கடுங்குளிரே இல்லாத நம் மொழியில் இதற்குப் பொருத்தமான வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டது விலங்கியல் கேள்வி மட்டுமன்று. மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு பிசகையும் அவள் தொட்டுவிட்டாள்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹைபர்னேஷன்' லத்தீனின் 'ஹிபெர்னாரே' என்ற வினையிலிருந்து வந்தது. குளிர்காலத்தைக் கழித்தல் என்பதே அதன் பொருள். உறக்கம் அதில் இல்லை. ரோமானியப் படைகள் குளிர்காலத்தில் தங்கியிருந்த பாசறைக்கு 'ஹிபெர்னா' என்று பெயர். கோடையில் இடும் பாசறை 'ஏஸ்டிவா'. வறண்ட காலத்தில் உயிரினங்கள் அடங்கிக் கிடப்பதைக் குறிக்கும் 'ஏஸ்டிவேஷன்' என்ற சொல்லும் அதே வேரினது. 'உறக்கம்' தமிழில் நாம் சேர்த்துக்கொண்டது.

இந்த இரட்டைப் பாசறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மழையும் வாடைக் காற்றும் சேர்ந்து எலும்பைத் துளைக்கும் பருவம். லத்தீனில் குளிர்காலத்தைக் குறிக்கும் 'ஹியெம்ஸ்' புயலையும் குறிக்கும் என்பதை நினைத்தால், பனிக்கட்டி விழாத நம் நிலத்திலும் அதற்கு ஈடான பருவம் இருந்தது புலப்படும். நெடுநல்வாடையில் அத்தகைய பாசறையில் தங்கியிருக்கும் அரசன் நள்ளிரவிலும் படுக்கைக்குச் செல்லாமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி சிலரோடு சுற்றி வருகிறான். கூதிரைக் கழிக்கிறான், உறங்கவில்லை.

விலங்குகளிடம் வருவோம். கருங்கரடி ஐந்து முதல் ஏழு மாதங்கள் வரை உண்பதும் இல்லை, நீர் அருந்துவதும் இல்லை. ஆனால் அதன் உடல் வெப்பம் சில பாகைகளே குறைகிறது, தாய்க்கரடி குட்டி ஈன்று பாலூட்டுகிறது. ஆர்க்டிக் தரை அணிலின் உடலோ உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி வரை குளிர்ந்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால், அது இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை உடலைச் சூடேற்றிக்கொண்டு, அந்தச் சில மணி நேரத்தில் பெரும்பகுதியை உண்மையான உறக்கத்தில் கழிக்கிறது. நாம் உறக்கம் என்று பெயரிட்ட நிலையிலிருந்து வெளியே வந்துதான் அது உறங்குகிறது! வட அமெரிக்கக் காட்டுத்தவளைக்கோ உடல்நீரில் பாதிக்கு மேல் உறைந்து இதயத்துடிப்பே நின்றுவிடும். இளவேனிலில் உருகி மீண்டும் துடிக்கும். ஜெர்மானியர் இவற்றை மூன்று சொற்களால் பிரிக்கிறார்கள். முள்ளெலி போன்றவற்றுக்குக் குளிர்காலத் துயில், கரடிக்குக் குளிர்கால ஓய்வு, தவளைக்குக் குளிர்கால விறைப்பு. பொதுச்சொல்லாக நிற்கும் நம் 'உறக்கம்' இவ்வளவையும் தாங்காது.

எனக்குப் பொருத்தமாகப் படும் பொதுச்சொல் 'ஒடுக்கம்'. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்ற 486ஆம் குறளில், ஆட்டுக்கடா பாய்வதற்கு முன் பின்வாங்குவதோடு ஒப்பிடப்படும் ஒடுக்கம் அது. சோம்பலோ தூக்கமோ அன்று. வலிமை இருந்தும் காலம் கருதி உள்வாங்கி இருத்தல். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், கொக்கு அசையாது காத்திருக்கும் காலத்தைக் 'கூம்பும் பருவம்' என்கிறது. அழகில் அது எனக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் வகுப்பறைக்கு ஒடுக்கமே எளிது. வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினையையும் ஒடுக்கம் என்கிறோமே என்று நீங்கள் தயங்கலாம். 'குளிர் ஒடுக்கம்', 'கோடை ஒடுக்கம்' என்று அடைமொழியோடு வழங்கினால் குழப்பம் நேராது.

உங்கள் மாணவர்களுக்குக் கோடை ஒடுக்கத்தையே முதலில் காட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். கரடியை அவர்கள் படத்தில்தான் பார்க்க முடியும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயைக் காய்ந்த சவ்வால் அடைத்துக்கொண்டு சுவரிலும் மரத்திலும் ஒட்டியிருக்கும் நத்தையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மழை பெய்ததும் அதே இடத்திற்கு அவர்களை மறுபடி அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.