இடிந்த தேவாலயத்தின் விரிசல்

அன்புள்ள ஐயா,

1857 நேப்பிள்ஸ் நிலநடுக்கம் பற்றிய உங்கள் கட்டுரையில் இருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். கூரை போன தேவாலயம், பிளந்த சுவர்கள். அத்தனை பேர் செத்துக் கிடந்த ஊரில் கல்லையும் விரிசலையும் படம்பிடிக்க எப்படி மனம் வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பார்த்தபோது எனக்கும் அந்தக் கோபம் வந்தது. 1857 டிசம்பர் 16 இரவு, அப்போது நேப்பிள்ஸ் ஆட்சியில் இருந்த தெற்கு இத்தாலியின் பசிலிக்காட்டா பகுதியில் இறந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். மொன்டெமுர்ரோ போன்ற ஊர்கள் தரைமட்டமாயின.

ஆனால் அந்த விரிசல்தான் அங்கே மிஞ்சிய சாட்சி. டப்ளினைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் மல்லெட் செய்தித்தாளில் விஷயத்தைப் படித்ததும் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியிடம் 150 பவுண்டு உதவி பெற்று, 1858 பிப்ரவரியில் அந்த மலை ஊர்களுக்குப் போனார். அவருடைய கணக்கு இதுதான்: அதிர்வு எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறதோ, சுவர் அதற்குக் குறுக்காகப் பிளக்கும். விரிசலின் சாய்வையும் திசையையும் அளந்தால், அதிர்வு வந்த வழியே பின்னோக்கி ஒரு கோடு போடலாம். பல ஊர்களிலிருந்து போட்ட கோடுகள் நெருங்கிவரும் இடம்தான் நடுக்கம் கிளம்பிய இடம். ஆழம் சுமார் 10 கிலோமீட்டர் என்றும் கணக்கிட்டார்.

இதற்குத் தேவாலயத்தைவிட நல்ல கருவி ஏது? உயர்ந்த நீண்ட சுவர்கள், நடுவில் தடுப்பில்லாத பெரிய கூடம், ஏறக்குறைய ஊருக்கு ஊர் ஒன்று. குடிசையின் கற்குவியலில் எதைப் படிப்பது?

ஓவியர் வரைந்தால் இடிபாடு அழகாகிவிடும், கோணம் தவறிவிடும். அதனால்தான் மல்லெட்டுக்குப் புகைப்படம் தேவைப்பட்டது. நேப்பிள்ஸில் தொழில் செய்த பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் பெர்னூ எடுத்த படங்கள் மல்லெட்டின் அறிக்கையில் உள்ளன. அப்போது பரவலாக இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரம், ரசாயனக் குப்பிகள், கண்ணாடி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு குளிர்கால மலைப்பாதையில் போவதை நினைத்துப் பாருங்கள். மனம் இல்லாதவர் செய்யும் வேலை இல்லை அது.

மல்லெட்டின் அறிக்கை 1862இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தும் விரிசல் மாறும் என்று பிறகு தெரிந்தது. அதனால் அவர் முறை முழுவதும் நிற்கவில்லை. சரி, ஆனால் நிலநடுக்கத்தை ஆராயும் துறைக்கு 'சீஸ்மாலஜி' என்ற சொல்லையே தந்தவர் அவர்.

அந்தப் படங்களை இன்னொரு முறை பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அந்த இரவில் சுவரைத் தள்ளியது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியும்.

அன்புடன்.